எங்கள் வீட்டுக்காரர் போட்ட கையெழுத்து

எங்கள் குவார்ட்டர்ஸில் மாவு அரைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். புடவைக் கட்டைக் கொண்டுவந்து கட்டில்மேல் விரித்து, தவணையில் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாடி வீட்டு அக்கா பத்து வருஷமாக முறுக்கு சுட்டுப் பாக்கெட் போட்டு விற்கிறார். எண்ணெய் காய்கிற வாசம், குடியிருப்பை நிர்வகிக்கிற எஸ்டேட் ஆபீஸ் வரைக்கும் போகும். இவர்களில் ஒருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னைக் கேட்டார்கள். அந்த வரிசையில் சட்டப்படி பதிவு செய்து தொழில் நடத்தியவள் நான் ஒருத்திதான்.

இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். முதலில் வரி ஆபீஸ்மேல் கோபம் வந்தது, அப்புறம் எனக்குப் பதிவு செய்து கொடுத்த அம்பத்தூர் ஆள்மேல் வந்தது. இப்போது எல்லாம் சுற்றி வந்து என்மேலேயே நிற்கிறது.

ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில், தரைத்தள வீடு ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறோம். என் கணவர் தொழிற்சாலையில் செக்கிங் செக்‌ஷன். மெஷினிலிருந்து வருகிற பாகத்தை அளந்து பார்த்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் அது அடுத்த ஷெட்டுக்குப் போகும். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு. சாத்தூர்ப் பக்கம் இருந்த பங்கு நிலம் நாத்தனார் கல்யாணத்தோடு போயிற்று. இந்தக் குவார்ட்டர்ஸை விட்டால் எங்களுக்கு வேறு கூரை கிடையாது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

டிராப் ஷிப்பிங் என்று பெயர். சரக்கு வாங்கி அடுக்க வேண்டியதில்லை. இணையத்தில் ஒரு கடை திறந்து படங்களை மட்டும் மாட்டி வைக்கலாம். ஓசூரில் ஒருத்தி காய் நறுக்கும் டப்பா கேட்டால், அந்த ஆர்டரை சூரத்தில் இருக்கிற மொத்த வியாபாரிக்குத் தள்ளிவிட வேண்டியது. அவர் எனக்கு பில் போட்டுவிட்டு, பார்சலில் என் பெயரை ஒட்டி நேரே அவளுக்கு அனுப்பிவிடுவார். நான் அவளுக்கு பில் போடுவேன். பொருள் என் வாசலைக்கூட மிதிக்காது.

"கண்ணுல பாக்காத சாமானைக் கண்ணுல பாக்காத ஆளுக்கு விக்கப் போறே" என்றார் என் கணவர். நக்கல்தான், ஆனால் தடுக்கவில்லை. பி.காம் முடித்துவிட்டு இத்தனை வருஷம் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தவள் ஏதோ செய்கிறாளே என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம் இருந்தது. எனக்குத் தெரியும்.

மகளின் பழைய நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதினேன். என் பெயரில் தனிநபர் நிறுவனம், அதற்கு என் பான் அட்டையே, வங்கியில் நடப்புக் கணக்கு. சிறுதொழில் என்று உத்யம் பதிவு. பிறகு ஜிஎஸ்டி. உள்ளூரில் கடை வைத்திருப்பவருக்கு ஒரு வரம்பு வரை அது தேவையில்லை. மாநிலம் தாண்டிப் பொருள் விற்கிறவருக்கு முதல் டப்பாவிலிருந்தே வேண்டும். இதை அரசாங்கத்தின் பக்கத்திலேயே போய்ப் படித்தேன். வீடியோவில் பேசுகிறவன் சொன்னதையெல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை.

"பேசாம மாடி அக்கா மாதிரி வாட்ஸ்அப்ல வித்துட்டுப் போயேம்மா. எதுக்கு இந்த வம்பு?" என்றார் என் கணவர்.

"நான் என்ன சாராயமா காய்ச்சுறேன், ஒளிஞ்சு விக்க?" என்று கேட்டேன். அந்தப் பெருமை எனக்கு ஆறு மாதம் நீடித்தது.

அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் வரி ஆலோசகர் ஒருவர் இருந்தார். அந்த ஊரின் பழைய குடும்பம். வயல் இருந்த இடத்தில் தொழிற்பேட்டை வந்தது, தொழிற்பேட்டையோடு வரியும் வந்தது, வரியை நம்பி இவர் மாடியில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நாற்காலியைப் பின்னால் சாய்த்தார்.

"கைல தொடாத யாவாரமா? சோக்கா கீது மேடம். ஆனா ஒண்ணு. சரக்கு எங்க கீதுன்னு அவன் கேக்க மாட்டான். நீங்க எங்க கீறீங்கன்னு கேப்பான். அட்ரஸ் ஒண்ணு காட்டியே ஆவணும்."

விண்ணப்பத்தில் அதற்கு முதன்மை வணிக இடம் என்று பெயர். எதுவுமே இல்லாத இடத்துக்கு எவ்வளவு பெரிய பெயர் என்று அப்போது சிரிப்பாக இருந்தது.

"வாணும்னா நம்ம கைல ஒரு அட்ரஸ் கீது, வானகரத்துல. ஏற்கெனவே நாலஞ்சு பேரு அதுலதான் ஓட்டிக்கினு கீறாங்க. மாசம் ஒரு தொகை குடுத்துட்டா போதும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் இல்லாத இடத்துல இருக்கேன்னு கவர்மெண்டுக்கு எழுதிக் கொடுக்கணுமா? எனக்கு அந்த மாதிரி வேலையெல்லாம் வேணாம் சார்."

அவர் இரண்டு கையையும் தூக்கினார். "சரி சரி, கோச்சுக்காதீங்கோ. ஊட்டு அட்ரஸே போட்டுக்கலாம். ஊடு யார் பேர்ல கீது?"

"எங்க வீட்டுக்காரர் பேர்லதான்."

அவ்வளவுதான் நான் சொன்னது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. குவார்ட்டர்ஸில் இருக்கிறவர்களுக்கு, வீடு ஒருவர் பேரில் இருக்கிறது என்றால் அவருக்கு அலாட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். யாராவது ரிட்டயர் ஆனால், "அந்த வீடு இனி யார் பேர்ல வருதாம்?" என்றுதான் பேசிக்கொள்வோம். வெளியில் இருக்கிறவர்களுக்கு அதற்கு வேறு அர்த்தம். போதாததற்குத் தமிழில் தாலி கட்டினவரும் வீட்டுக்காரர், வாடகை வாங்குகிறவரும் வீட்டுக்காரர். நான் ஒருவரைச் சொன்னேன், அவர் இன்னொருவரை எழுதிக்கொண்டார். ஆதாரில் பிளாக் எண்ணும் வீட்டு எண்ணும் ஆவடியும் மட்டும்தான் இருந்தன. ஆவடி முழுக்க அந்த மாதிரி அடுக்குமாடி முகவரிதான். கரண்டுக் கட்டணச் சீட்டில் என் கணவர் பெயர் இருந்தது. ஆலோசகருக்குச் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

ஒப்புதல் கடிதம் ஒன்று வேண்டும் என்றார். வீட்டில் வைத்துத் தொழில் செய்ய வீட்டுக்காரருக்கு ஆட்சேபணை இல்லை என்பதற்கு. அவர் கணினியில் ஆங்கிலத்தில் தயாராக ஒரு கடிதம் இருந்தது. பெயரையும் முகவரியையும் மாற்றி, முத்திரைத்தாளில் அச்சடித்துக் கொடுத்தார். மறுநாள் காலை என் கணவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதை நீட்டினேன். தொழிற்சாலையில் முதல் சங்கு ஊதியாகிவிட்டது.

"என்ன பேப்பர் இது?"

"இங்க வச்சுத் தொழில் பண்ண உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு."

"எனக்கென்ன ஆட்சேபணை?" என்று சொல்லி, இடது கையால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, வலது கை விரல்களை வேட்டியில் துடைத்து, கையெழுத்துப் போட்டார். தொழிற்சாலையில் ஒரு போல்ட்டைக் கூட மூன்று தடவை அளந்து பார்க்கிற மனிதர். நான் கொடுத்த தாளை அளக்கவில்லை. சட்டத்தை எல்லாம் கரைத்துக் குடித்த நானும் அந்த ஒரு பக்கத்தைப் படிக்கவில்லை.

விரல்ரேகை வைக்க ஒரு மையத்துக்கு வரச் சொன்னார்கள், போய் வைத்தேன். சில நாளில் எண் வந்தது. தொழில் நடக்கிற இடத்தில் பெயரும் எண்ணும் போட்ட பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது விதி. பட்டாபிராமில் சொல்லிச் சின்னதாக ஒன்று செய்து வாங்கினேன். வாசலில் மாட்டப் போனவளை என் கணவர் நிறுத்தினார். "குவார்ட்டர்ஸ் சுவத்துல போர்டெல்லாம் வேணாம்மா. உள்ள மாட்டு." பிரிட்ஜுக்கு மேலே மாட்டினேன். அன்றைக்கு அவர் சொன்னதை இரண்டு நிமிஷம் யோசித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். சுவரில் பலகை கூடாது என்றால், தொழில் மட்டும் எப்படிக் கூடும்?

இணையக் கடையில் விற்கிறவரின் பெயர், முகவரி, புகாருக்குத் தொலைபேசி எண் எல்லாம் போட வேண்டும். போட்டேன். ஒவ்வொரு பார்சலிலும் எங்கள் வீட்டு எண் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயிற்று. ஒன்றுமே விற்காத மாதத்துக்கும் தேதி தவறாமல் ரிட்டர்ன் போட்டேன். ஒருநாள் தண்ணீர் மோட்டார் பக்கம் மாடி அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, உன் வீட்டு நம்பரை கூகுள்ல தட்டினா உன் பேரு வருதே! எம்மவன் காமிச்சான்." அவர் பெருமையாகத்தான் சொன்னார். நான்தான் காரணம் தெரியாமல் அன்று முழுவதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், துணி எடுக்கப் போனவள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் பெயிண்ட்டில் எழுதியிருந்த எங்கள் வீட்டு எண்ணை ஒருவர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். படம் பிடித்துவிட்டுப் பின்னால் நாலடி போய், பிளாக் முழுவதையும் பிடித்தார். அதற்குப் பிறகுதான் கதவைத் தட்டினார்.

வரி அலுவலகத்திலிருந்து நேரில் சரிபார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். மரியாதையான மனிதர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அதட்டியிருந்தால்கூட எனக்குத் தைரியம் வந்திருக்கும்.

"ஸ்டாக் எங்கம்மா வச்சிருக்கீங்க?"

"ஸ்டாக் கிடையாது சார்." டிராப் ஷிப்பிங்கை விளக்கினேன். பில்களைக் காட்டினேன். எல்லாம் சரியாக இருந்தன. தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிரிட்ஜுக்கு மேலே இருந்த பலகையைப் படம் பிடித்தார். பிறகு கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எல்லா பிளாக்கிலும் அடிக்கிற அதே மஞ்சள் சுண்ணாம்பு. கதவுமேல் தொழிற்சாலை தன் சாமான் கணக்குக்கு எழுதிய எண். அவர் பார்வை அந்த எண்ணில் போய் நின்றது.

"வீடு சொந்தமாம்மா?"

"எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு சார்."

"இது குவார்ட்டர்ஸ் ஆச்சே."

"ஆமா சார். அவருக்கு அலாட் ஆனது."

அவர் போனில் எதையோ தேடி எடுத்து, விரலால் பெரிதாக்கி, என் பக்கம் திருப்பினார். என் கணவரின் கையெழுத்து இருந்த அந்தக் கடிதம். இரண்டாவது வரியை அவர் விரல் தொட்டது. மேற்படி கட்டடத்துக்கு நானே முழு உரிமையாளர் என்றும், வேறு யாருக்கும் அதில் எந்த உரிமையும் இல்லை என்றும் உறுதிமொழி கூறுகிறேன் என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே அவர் கையெழுத்து. முத்திரைத்தாளின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு சின்னக் கறை. சாம்பார்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அரசாங்கத்தின் வீட்டை, அரசாங்கத்தின் சம்பளம் வாங்குகிறவர், என்னுடையது என்று அரசாங்கத்துக்கே சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். கொடுக்க வைத்தவள் நான்.

"தெரியாம நடந்துருச்சு சார்."

"இருக்கலாம்மா. ஆனா பார்த்ததை நான் எழுதியாகணும். கட்டடம் யாருதுன்னு எங்க ஆபீஸ்ல இருந்து ஃபேக்டரிக்கு லெட்டர் போட்டுக் கேப்பாங்க." செருப்பை மாட்டிக்கொண்டு, "மழைக்கு முன்னாடி போயிடறேன்" என்றார்.

மறுநாள் காலை முதல் வேலையாக அம்பத்தூருக்கு ஓடினேன். ஆலோசகர் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"குவார்ட்டர்ஸுன்னு சொல்லவே இல்லியே மேடம் நீங்க! யார் பேர்ல கீதுன்னு கேட்டேன், ஊட்டுக்காரர் பேர்லன்னீங்க. நான் இன்னான்னு எட்துக்கறது?"

கத்திவிட்டு வர வேண்டும் என்றுதான் போனேன். கத்த முடியவில்லை. அவர் சொன்னதில் பிழை இல்லை. "இப்போ என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"பதிவை ரத்து பண்ணச் சொல்லி நாமளே போட்டுடலாம். கடைசியா ஒரு ரிட்டர்ன் போட்டா முடிஞ்சுது." கணினியைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஏத்தின பேப்பர் எங்கியும் போவாது மேடம். நம்பர் செத்தாலும் அது அங்கதான் கீது."

அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். கடிதத்தின் நகலை வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"ஓனர்னா போட்டிருக்கு?"

"ம்."

"காலண்டர் மாட்ட ஆணி அடிக்கணும்னாகூட லெட்டர் கொடுத்துட்டு அடிச்ச வீடும்மா இது." அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. காபியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்தேன். பலகையைக் கழற்றினேன். இணையக் கடையை மூடினேன். ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், கார்த்திகை முழுக்க ஒன்றுமில்லை. கேட் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவேன். தபால்காரர் எங்கள் பிளாக்கைத் தாண்டிப் போகிற வரைக்கும் ஜன்னலை விட்டு நகர மாட்டேன். என் கணவர் வேலை விட்டு வருகிறபோது முதலில் அவர் கையைப் பார்ப்பேன், கவர் ஏதாவது இருக்கிறதா என்று. எஸ்டேட் ஆபீஸ் ஊழியர் ஒருவர் எப்போதும் வழியில் பார்த்தால் நின்று பேசுவார். அவர் ஒருநாள் என்னைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போனார். விஷயம் அவர்கள் ஆபீஸுக்கு வந்துவிட்டது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. சட்டியில் மீன் குழம்பு அடிப்பிடித்தது.

மார்கழியில் கவர் வந்தது. தபாலில் இல்லை, அவருடைய செக்‌ஷனிலேயே கையில் கொடுத்திருந்தார்கள். குடியிருப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தியது, குடும்பத்தினர் தொழில் செய்வதை அலுவலகத்துக்குத் தெரிவிக்காதது, அரசுச் சொத்தைத் தன் சொத்தாக அறிவித்தது. மூன்றுக்கும் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"நான் படிக்கலை, என் பொண்டாட்டி நீட்டினா, போட்டேன்னு எழுதுங்க" என்றேன். "அதுதானே நெசம்? எழுதுங்க. என்னை என்ன செஞ்சாலும் செய்யட்டும்."

"படிக்கலைன்னு எழுதினா இன்னொண்ணு கேப்பான். படிக்காம கையெழுத்துப் போடுற ஆளு பாஸ் பண்ணின பாகத்தை எப்படி நம்புறதுன்னு கேப்பான். இத்தனை வருஷம் போட்ட கையெழுத்துக்கெல்லாம் என்ன அர்த்தம்னு கேப்பான்."

"அப்போ படிச்சுட்டுத்தான் போட்டேன்னு எழுதினா?"

"அப்போ நான் பொய் சொன்னவன்."

நான் அழுதேன். அவர் முன்னால் அவ்வளவு அழுததில்லை. நல்லபடி செய்கிறேன் என்று கிளம்பி உங்களை இந்த மூலையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே என்றேன். அவர் திட்டவில்லை. ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். பேனாவை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. மகளிடம் இருவருமே எதுவும் சொல்லவில்லை. பொதுத்தேர்வு முடியட்டும் என்று கண்ணாலேயே பேசி வைத்துக்கொண்டோம்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எஸ்டேட் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முன்பு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவர் ஒருவர், கையில் அட்டையும் தாளும் வைத்திருந்த புது ஆள் இன்னொருவர். என் கணவர் ஷிப்டில் இருந்தார். மகள் கூடத்தில் வேதியியல் புத்தகத்தை விரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"சும்மாதான்மா, சாமான் கணக்கு. எல்லா வீட்லயும் எடுக்கறோம்."

எல்லா வீட்டிலும் எடுக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், எதிர் பிளாக்கில் யாரும் இல்லை. குவார்ட்டர்ஸில் வீட்டுச் சாமானைக் கணக்கெடுப்பது இரண்டே தடவைதான். சாவி வாங்குகிற அன்று ஒருமுறை, சாவி கொடுக்கிற சமயத்தில் ஒருமுறை. நாங்கள் சாவி வாங்கிய அன்று எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்.

குழாய் இத்தனை, ட்யூப்லைட் பட்டி இத்தனை, ஜன்னல் கண்ணாடியில் விரிசல் ஒன்று. சமையலறை அலமாரிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். புது ஆள் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, பழையவர் என்னைப் பார்க்காமலே தலையாட்டினார். மகள் பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றேன்.

புது ஆள் கூடத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார். அங்கே சுற்றிக்கொண்டிருந்தது நாங்கள் வாங்கி மாட்டிய காற்றாடி. தாளில் அது இல்லை.

"இது உங்க ஃபேன்தானேம்மா? போறப்ப மறக்காம கழட்டிக்கோங்க."

பழையவர் சட்டென்று அவர் தோளைத் தொட்டார். இரண்டு பேரும் வேகமாக வெளியே போனார்கள், கதவைக்கூடச் சாத்தவில்லை.

மகள் புத்தகத்தை மூடினாள். "எங்கம்மா போறோம்?" என்று கேட்டாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். கடைசியில் அவள் அதே கேள்வியை மறுபடி கேட்டாள்.